எட்டுப் பத்து ஸ்பெஷல்

குட்டி ரயில் செய்கிறவர்களுக்கான எங்கள் கிளப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ரிவெட் எண்ணி. இன்னொருவர் பாடுபட்டுச் செய்த குட்டி இன்ஜினை மூக்கு உரசப் பார்த்துவிட்டு, பாய்லரில் ஒரு வரிசை ரிவெட் ஆணி குறைகிறதே என்று சொல்லிவிட்டு நகர்கிற ஆளை ஜெர்மனி முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வசைச்சொல்தான். நான்தான் அதை விருது மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். யாராவது முதுகுக்குப் பின்னால் சொல்லிக் காதில் விழுந்தால், அன்று இரவு ஒரு பீர் கூடக் குடிப்பேன்.

பெயர் எக்கெஹார்ட் வீகாண்ட். மனைவி ரோஸ்வித்தா எக்கி என்பாள். ஓய்வு பெறும்வரை பல் செய்துகொண்டிருந்தேன். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் பட்டறையில் உட்கார்ந்து அதற்குப் பொருந்துகிற பல் உறையையோ பல் செட்டையோ செய்து கொடுப்பேன். இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் மாட்ட முடியாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். தெரிந்ததும் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஓய்வு பெற்றதும் பட்டறைச் சாமான்கள் எல்லாம் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தன. பல் அச்சுக்கான பிளாஸ்டர் குன்றாக மாறியது. பல்லைச் சுரண்டும் ஊசியால் செங்கல் இடுக்குகளைக் கீறினேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கூரைக்கு அடியில் நீட்டி, பெயின்ட் ஒழுங்காகப் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பூனையின் கழிப்பறைத் தட்டில் போடும் மணலைச் சலித்தால் தண்டவாளத்துக்கு அருமையான ஜல்லி. காப்பிச் சக்கையைக் காயவைத்தால் மண். பச்சைச் சாயம் போட்ட ஸ்பாஞ்சை மிக்ஸியில் அரைத்தால் இலை.

"எக்கி, ஆப்பிள் கூழு பச்சையா வருது. இது ஆப்பிளா, உன் மரமா?" என்று மேலேயிருந்து ரோஸ்வித்தா கேட்பாள்.

"கொஞ்சம் கரகரன்னு இருந்தா மரம்" என்பேன்.

ஒரு நாள் அவள் காப்பியோடு இறங்கி வந்து, நான் அரிசி நீளத்துக்கு வெட்டிய தகரக் குழாயில் துருப் பூசுவதை வெகுநேரம் பார்த்தாள். "நம்ம வீட்டு மழைத்தண்ணிக் குழாய் போன குளிர்காலத்துல இருந்து ஒழுகுது. அதுக்குத் துரு தானாவே பிடிச்சிருக்கு, நீ கஷ்டப்பட வேண்டாம். வந்து ஓட்டைய மட்டும் அடைச்சுக் குடு" என்றாள். அடைக்கிறேன் என்றேன். இன்றைக்கும் ஒழுகுகிறது.

கிளப்பில் ஒவ்வொருவரும் ஒரு துண்டு செய்வோம். ஒருவர் பாலம், ஒருவர் காடு, ஒருவர் நிலையம். ஓரங்களின் உயரமும் அகலமும் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, துண்டுகளை எல்லாம் மாட்டி ஒரே பாதையாக்கி, கால அட்டவணைப்படி வண்டி விடுவோம். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். அது உலகக் கடிகாரத்தைவிட வேகமாக ஓடுகிற எங்கள் கடிகாரம். அதன்படி ஒரு வண்டி ஒரு நிமிடம் தாமதமானால் கூடத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நான் கத்துவேன். போன தடவை டெட்லெஃப் கேக் சாப்பிடப் போய் ஒரு சரக்கு வண்டியைத் தாமதப்படுத்தியதற்கு, வாயில் கேக்கோடு அவனை மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

டெட்லெஃப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன், தங்கமான மனிதன். அவன் செய்த ஊர்ச் சந்தையில் ஒரு மஞ்சள் டெலிபோன் பூத் நின்றது. மூன்று வருடத்துக்கு முந்திய கண்காட்சியில் பொதுமக்கள் சூழ்ந்து நின்று ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய், "இந்த மஞ்சள் நீ காட்டுற காலத்துக்குப் பத்து வருஷம் கழிச்சு வந்த மஞ்சள்" என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும், சரியான மஞ்சளின் பெயின்ட் நம்பரை வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிப்பட்ட நான் செய்த நிலையத்தின் பெயர் ஓல்டர்ஸ்பாக். எங்கள் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் இருந்த கிளைப்பாதை நிலையம். பாதையையும் பிடுங்கி, நிலையத்தையும் இடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. யாரிடமும் ஒரு படம் கிடையாது. என்னிடம் இருந்தது. பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டி ஸ்லைடுகளில், அட்டைச் சட்டத்தின் மேல் பென்சிலால் 'ஓல்டர்ஸ்பாக், கோடை 1961' என்று எழுதிய ஒன்று. பூஞ்சை பிடித்திருந்தது. சட்டத்தைப் பிரித்து, பிலிமை வெளியே எடுத்து, பல் துலக்குகிற பக்குவத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே வைத்து மூடினேன். என்னைத் தவிர வேறு யாரும் இவ்வளவு பொறுமையாகச் செய்ய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் சரி.

புரொஜெக்டரில் போட்டால் சுவர் முழுக்க நிலையம். செங்கல் கட்டடம், மேலே ஒரு மாடி, முன்னால் பஸ் மாதிரி ஒற்றைப் பெட்டியாக ஓடுகிற சிவப்பு ரயில்பஸ். பெயர்ப்பலகையைச் செஸ்ட்நட் மரம் மறைத்திருந்தது. எண் இல்லாத வெறும் கோடு போட்ட கடிகாரத்தில் மணி எட்டுப் பத்து. மாடியில் வலது ஓரத்து ஜன்னலில் நீல கவுன் போட்ட ஒரு பெண்ணுருவம், கையில் வெள்ளைத் துணி.

இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலாவது, ரயில்வே காப்பகத்திலிருந்து வாங்கிய வரைபடத்தில் சரக்குக் கொட்டகை நிலையத்துக்கு வலது பக்கம் இருந்தது. ஸ்லைடில் இடது பக்கம். நான் ஒரு வாரம் யோசித்து, வரைந்தவர் தப்பாக வரைந்துவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டாவது, அந்தக் கோடைக்கால அட்டவணையில் காலை எட்டு மணி வாக்கில் ஓல்டர்ஸ்பாக்கில் எந்த வண்டியும் கிடையாது. வேறொருவனாக இருந்தால் இந்த இடத்திலாவது தலையைச் சொறிந்திருப்பான். நான் கிளப் பத்திரிகைக்கு நாலு பக்கக் கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'எட்டுப் பத்து ஸ்பெஷல் என்னும் புதிர்'. அட்டவணையில் இல்லாததால் அது சிறப்பு வண்டி. ஆலைக்குப் போகிற சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்கு முன்னேற்பாடு பார்க்க வந்த அதிகாரிகள் வண்டியாக இருக்கலாம். ஜன்னலில் நிலைய மாஸ்டரின் மனைவி தூசி தட்டிக்கொண்டிருக்கிறார், தூசியை யாரும் மாலையில் தட்டுவதில்லை, ஆகவே காலை நேரம் என்பது ஐயமற உறுதியாகிறது. 'ஐயமற' என்ற சொல்லை நான்தான் போட்டேன்.

நாலு வருடம் ஆனது செய்து முடிக்க. நீல கவுனுக்கு மட்டும் மூன்று தடவை பெயின்ட் அடித்தேன். காலை வெயில் விழுகிற மாதிரி மேலே ஒரு விளக்குக்கூடப் பொருத்தினேன்.

முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் போதுமா? அங்கே வாழ்ந்த ஒருவர் வந்து, எல்லோருக்கும் முன்னால், "ஆமாம், இதுதான் எங்க வீடு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் போதும் என்று ஏங்கினேன். உள்ளூர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தொலைபேசி வந்தது.

"நான் கெர்லிண்டே ஆல்போர்ன். ஓல்டர்ஸ்பாக் ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணு. நீங்கதான் எங்க வீட்டைச் சின்னதாக் கட்டி வெச்சிருக்கிறவரா?"

"ஆமாங்க. எண்பத்தேழுல ஒரு பங்கு."

"நிஜ வீடே சின்னதுதான். எங்ககிட்ட அதோட ஒரு படம் கிடையாது. எங்கப்பாவுக்குக் கேமரான்னா வீண் செலவு. மாடியில ஓரத்து ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஜன்னல்ல ஒரு அம்மாகூட இருக்காங்க."

"அப்படின்னா வரேன்" என்றார். குரல் மாறியிருந்தது. அப்போதே ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான்தான் கேள்வி கேட்கிற ஜாதி இல்லையே, பதில் சொல்கிற ஜாதி.

கண்காட்சி நாள். ஒரு மூலையில் ரோஸ்வித்தாவும் மற்ற மனைவிமாரும் பிளம் கேக் விற்றார்கள். வாசலில் சாசேஜ் சுட்ட புகை கூடத்துக்குள் வந்து, என் காலை வெயிலை மங்கலாக்கியது. ஓல்டர்ஸ்பாக் நடுநாயகமாக இருந்தது. பக்கத்தில் என் கட்டுரையைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தேன். சட்டைப் பையில் அந்த ஸ்லைடு, ஆதாரத்துக்கு.

ஆல்போர்ன் அம்மாள் கேக்குத் தட்டும் காகிதக் கைக்குட்டையுமாக வந்தார். எழுபதைத் தாண்டிய, நிமிர்ந்த நடை. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். டெட்லெஃபும் இன்னும் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். நான்தான் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன், சாட்சிக்கு.

"செங்கல் இதே செங்கல்தான். அந்தத் துருப்பிடிச்ச குழாய்கூட இருக்கே!" என்றார். நான் ரோஸ்வித்தாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அதற்குள் ஆல்போர்ன் அம்மாள் நிமிர்ந்து, வலது கையையும் இடது கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா என் ஜன்னல் இந்த ஓரத்துல இல்ல. அந்த ஓரத்துல."

"ரொம்ப வருஷம் ஆயிடுச்சு இல்லையா, ஞாபகம் கொஞ்சம்…" என்று நான் கருணையோடு ஆரம்பித்தேன்.

"ஞாபகமா? கண்ணை மூடிட்டு அந்தப் படியில தண்ணி வாளியோட ஏறினவ நான். கொட்டகையும் தப்பு. வண்டி இடது பக்கத்துல இருந்துதான் வரும், உங்களோடது வலது பக்கம் இருந்து வந்து நிக்குது. அது சரி, எட்டுப் பத்துக்கு ஏது வண்டி?"

"அது சிறப்பு வண்டிங்க. சர்க்கரைக் கிழங்கு அதிகாரிங்க…" நான் கட்டுரையைக் காட்டினேன்.

அவர் படித்தார். முழுவதும் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் கேக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஸ்டேஷனுக்கு அதிகாரிங்க வந்தா எங்கப்பா நாலு நாள் முன்னாடியே கோழிகளைக்கூடக் குளிப்பாட்டியிருப்பாரு. எனக்குத் தெரியாம வந்தாங்களாமா? தூசி தட்டுறதா! எங்கம்மா ஜன்னலைத் திறந்து தூசி தட்டி நான் பார்த்ததே இல்ல. அது நான். ஹைனருக்குக் கை காட்டுறேன். ரயில்பஸ் ஓட்டினவன், என் புருஷன். அப்ப புருஷன் இல்ல, அதனாலதான் கைக்குட்டை. அவன் வண்டி சாயங்காலம் மூணு அம்பதுக்கு. எப்பவும் லேட்டு. வாழ்நாள் முழுக்க லேட்டு. போன வருஷம் செத்ததுகூட டாக்டர் சொன்ன நாளுக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான்."

மூன்று ஐம்பது. எட்டுப் பத்தை நிலைக்கண்ணாடியில் பார்த்தால் என்ன மணி என்று என் மண்டை தானாகவே கணக்குப் போட்டது. அதே மூன்று ஐம்பது.

"எக்கி, அந்த ஸ்லைடை எடு" என்றான் டெட்லெஃப்.

எடுத்தேன். என் சொந்தப் பல் ஊசியாலேயே சட்டத்தை நெம்பிப் பிரித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பிலிமின் ஓரத்தில் கம்பெனிக்காரன் அடித்த எழுத்துகள் அத்தனையும் இடம் வலம் மாறி நின்றன. துடைத்தவன் நான். திருப்பி வைத்தவன் நான். வரைபடம் சரி, அட்டவணை சரி, சூரியன் சரி. ஓல்டர்ஸ்பாக்கில் தப்பாக இருந்தது நான் ஒருவன்தான். இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் மாட்டியிருந்தேன், அதுவும் ஒரு பல் இல்லை, ஒரு ஊரையே.

டெட்லெஃப் என்னைப் பார்த்தான். மூன்று வருடமாக அவன் காத்திருந்த நிமிடம் அது. "மஞ்சள் மட்டும் அப்பழுக்கில்லாம இருக்குடா எக்கி" என்றான், என் நிலையத்து விளக்குக் கம்பத்தைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

ஆல்போர்ன் அம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வருத்தப்படாதீங்க. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா இது எங்க வீடு இல்ல. நான் எங்கயோ வேற யார் வீட்டையோ பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அதுவரை எனக்கு இருந்தது அவமானம். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் துக்கம் வந்தது. ஒரு படம்கூட இல்லாத மனுஷி, தன் ஜன்னலைப் பார்க்க பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் கைதட்டல் வாங்குவதற்காகக் கூப்பிட்டு வைத்து, அதைப் புரட்டிப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"அவங்களப் போக விடாதே" என்று கேக் மேசையிலிருந்து ரோஸ்வித்தா குரல் கொடுத்தாள். "டெட்லெஃப், நீ என்கூட வா." இருவரும் பெண்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் போனார்கள். உள்ளே ஏதோ ஆணி கழன்று விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது சுவரில் மாட்டியிருந்த பெரிய நிலைக்கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

"எக்கி, அப்படியே வாயைப் பொளந்துட்டு நிக்காத. வண்டியை மரத்துக்குப் பின்னாடி தள்ளு. ஆல்போர்ன் அம்மா, நீங்க கொஞ்சம் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இந்தக் கண்ணாடியில பாருங்க. டெட்லெஃப், இன்னும் கொஞ்சம் தூக்கு."

"இவ்வளவுதான் முடியும், எனக்கு முதுகு வலி" என்றான் டெட்லெஃப், தூக்கிக்கொண்டே.

ஆல்போர்ன் அம்மாள் திரும்பி நின்றார். வண்டியைத் தள்ள நான் நிலையத்துக்குப் பின்னால் போயிருந்தேன்; கண்ணாடியில் நிலையக் கூரைக்கு மேலே என் வழுக்கைத் தலை ஒரு குன்று மாதிரி எழுந்து தெரிந்தது. சட்டென்று குனிந்துகொண்டேன். அவர் பார்வையை மறைக்க அங்கே இனி எதுவும் இல்லை. ஜன்னல் இடது ஓரத்தில் இருந்தது. கொட்டகை வலது பக்கம். கடிகாரத்தில் மூன்று ஐம்பது. என் காலை வெயில் சத்தமில்லாமல் மாலை வெயிலாகியிருந்தது.

அவர் கேக்கு வாசம் அடிக்கிற கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இதுதான்" என்றார். "இதுதான் எங்க வீடு."

நான் ஆசைப்பட்ட வாக்கியம். அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை, விரல் கட்டுப்பாட்டுக் குமிழில் இருந்தது. மெல்லத் திருகினேன். செஸ்ட்நட் மரத்துக்குப் பின்னாலிருந்து சிவப்பு ரயில்பஸ் வந்தது. நான் கட்டியபடி வலது பக்கமிருந்து, கண்ணாடியில் அவருக்கு இடது பக்கமிருந்து. நிலையத்தின் முன்னால், ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினேன்.

ஆல்போர்ன் அம்மாளின் கையில் காகிதக் கைக்குட்டை இருந்தது. அதை மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் மறந்துவிட்டது போல அப்படியே மேலே தூக்கி, கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சமாக அசைத்தார்.

"பாரேன், இன்னைக்காவது நேரத்துக்கு வந்துட்டே, ஹைனர்" என்றார்.

சுவரில் எங்கள் அவசரக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி புறப்பட வேண்டிய நேரம் வந்தது, தாண்டியது. கூடத்தின் அந்தக் கோடியில் அடுத்த நிலையத்துக்காரன், "ஓல்டர்ஸ்பாக்! எங்கய்யா வண்டி? எல்லாம் நிக்குது இங்க!" என்று கத்தினான். நியாயமான கத்தல். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

"லேட்டாகும்" என்று திரும்பிக் கத்திவிட்டு, குமிழிலிருந்து கையை எடுத்தேன்.